கசடுக் குழியில் மூன்று இழுப்பு

நம்பாதவர்கள் புனே பக்கத்துக் கட்கிக்கு வந்து அந்தக் குழியைப் பார்த்துக்கொள்ளலாம். நடந்தது எனக்கு. 1962, ஆடி மாதம். ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல்.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் எனக்கும் கலியனுக்கும் கூலி வேலை. தண்ணீர் குழியில் அசையாமல் நிற்கும். கசடு அடியில் தங்கும். மேல்தண்ணீரை வடித்துவிட்டு ஒருவன் இறங்கி வாருவான். மற்றவன் மேலே நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பான். ஒரு இழுப்பு என்றால், "இருக்கியா?" பதிலுக்கு ஒன்று, "இருக்கேன்." மூன்று என்றால், "ஏறு!"

எங்களில் ஒருவனுக்குத்தான் வேலை நிரந்தரம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து என் கயிறு கலியன் கைக்குப் போனாலே இடுப்பு முடிச்சைத் தடவிப் பார்ப்பேன்.

"இன்னாடா, முடிச்சத் தொட்டுத் தொட்டுப் பாக்குற? அவுத்து வுட்டுருவனா?"

"உன்னைத் தெரியாதா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கம்பிவலை விளக்கை முதலில் இறக்கினோம். நின்று எரிந்தது. விஷக்காற்று இல்லை. இறங்கினேன்.

ஒரு இழுப்பு வந்தது. பதில் கொடுத்தேன். வாரினேன். இன்னொன்று. கொடுத்தேன். ஃபாக்டரிச் சங்கு ஊதியது.

அப்புறம் இழுப்பு மாறியது... ஈரக் கை வழுக்குவது போல.

"கலியா?"



விளக்குச் சுடர் சுருங்கியது...

ஒன்று. இரண்டு. மூன்று.

ஏணியில் கால் துவண்டது. கயிறுதான் என்னைத் தூக்கியது.

மேலே... யாரும் இல்லை.

கலியன் பிடித்திருந்த, குழிக்குள் இறங்காத கயிற்று நுனியில், கசடு அப்பியிருந்தது.

கலியன் டீக்கடைப் பக்கமிருந்து வந்தான். சட்டையைப் பிடித்தேன்.

"சாவட்டும்னு போயிட்டியாடா?"

அவன் முகம் வெளுத்தது. "சங்கு ஊதுறதுக்கு முன்னாலயே நீ ஏறி வந்துட்டியேடா! நான்தான கயிற அவுத்தேன்? குழாயாண்ட போனியே..."

குழாய் வரை கசடுக் கால்தடம் இருந்தது. வெறுங்கால். என் காலில் ரப்பர் பூட்ஸ்.

பொய்க்காரன், தானே நடந்து தடம் வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நேரே மேஸ்திரியிடம் போனேன்.

"கலியன் என்னைக் குழியில் விட்டுட்டுப் போயிட்டான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மேஸ்திரி நிமிர்ந்தார். மராட்டியில் மெதுவாகக் கேட்டார்:

"நீ ஏறி வந்துட்ட, நான்தான் கயிற அவுத்தேன்னு சொன்னானா?"

தலையாட்டினேன்.

"முன்னே இதே குழியில வேலை செஞ்ச அந்தோணி உள்ளே செத்தப்போ, கயிறு பிடிச்சவனும் அதையேதான் சொன்னான். யாரும் நம்பல. கொலைகாரன்னு காறித் துப்பினோம்..." சன்னல் வழியே குழியைப் பார்த்தார். "மூணாம் நாள் அவனும் அதுலயே குதிச்சான்."

புகாரை அங்கேயே விட்டேன்.