கம்பளி தொங்கிய தலைவாசல்

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் ஃபோகு தீவில், எரிமலையின் வாய்க்குள்ளேயே குடியிருக்கிற ஊர் ஷா. அங்கே மலை வெடித்தால் சனங்கள் முதலில் கழற்றுவது கதவுகளைத்தான். நெருப்புக் குழம்பு ஆமை வேகத்தில் வரும், அதற்கு நேரம் இருக்கும். சுவருக்குக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. மரத்துக்கு எங்கே போவது?

சுல்மிராவின் விடுதியைக் குழம்பு விழுங்கிய அன்று அவள் மதுப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் புருஷன் அர்மிந்து தலைவாசல் கதவை முதுகில் சுமந்து வந்தான். அடிவாரத்தில் அரசாங்கம் கொடுத்த வீட்டில் அதைச் சாய்த்து வைத்தவன், பிறகு மேலே ஏறவேயில்லை.

"முன்ன ஒண்ணு, இப்ப ஒண்ணுன்னு ரெண்டு வீட்டத் தின்ன மலை. மூணாவதயும் நீயே ஆக்கிப் போடப்போறியா?" என்றான்.

"திராட்சைக் கொடி மேல இருக்கு. இங்க கடலப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கச் சொல்ற?"

"அப்பப் போ. கதவு இங்கதான் இருக்கும்."

வீம்பில் அவளும் சளைத்தவளில்லை. புதைந்த வீட்டுக்கு நேர் மேலே, குழம்பு ஆறுவதற்குள் நாலு அறை கட்டினாள். ஷாக்காரர்களுக்கே உரிய அவசரம் அது. சிகரம் ஏற வந்த வெள்ளைக்காரர்கள் முதல் வருஷம் செருப்பில்லாமல் தரையில் கால் வைக்க முடியாமல் தவித்தார்கள். தலைவாசலை மட்டும் அந்தப் பழைய கதவின் அளவுக்கே விட்டிருந்தாள். அதில் ஒரு கம்பளி தொங்கியது.

"கதவு இல்லையா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை.

"வரும். தூக்கிட்டு வர்ற ஆளு வரணும்" என்பாள்.

கீழே ஆள் அனுப்பிக் கதவைத்தான் கேட்டாள். மனசு கேட்டது அவனை. பூட்ட முடியாத வீட்டை விட்டு மூன்று வருஷமாக ஒரு பொழுதும் அவளால் நகர முடியவில்லை.

விருந்தாளிகள் எல்லாரும் கிளம்பிப் போயிருந்த ஒரு காலையில், அடிவாரத்துக்கும் ஷாவுக்கும் வண்டி ஓட்டும் வால்தினுவின் வேன் வந்தது. கூரைமேல் கதவு. சோளமாவு ஒட்டிய கையோடு ஓடினாள். முன்சீட் காலியாக இருந்தது.

"அவரு எங்க?"

"வரலக்கா. அன்னிக்குக் கதவத் தூக்கிட்டு வந்தப்ப குடிச்ச புகை, நெஞ்சுலயே தங்கிடுச்சாம். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. உங்கிட்டச் சொல்ல வெக்கம் அவருக்கு."

"என்ன சொல்லி அனுப்பினாரு?"

"'குளிர் வருது, கதவ மாட்டிக்கச் சொல்லு. எனக்காகத் தொறந்து வெக்க வேணாம்'னாரு."

வீம்பு வீம்பு என்று அவனைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் அழுதாள். வால்தினு பார்க்காதவன்போலக் கதவின் கயிற்றை அவிழ்த்தான்.

இருவருமாகத் தூக்கி மாட்டினார்கள். விரல்கடை பிசகாமல் பொருந்தியது. கீல்களுக்கு அர்மிந்து எண்ணெய்கூடப் போட்டிருந்தான். சுல்மிரா உள்ளே போய் ஒரு புட்டி மதுவும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் எடுத்து வந்தாள். கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"எங்கக்கா கிளம்பிட்ட?"

"இப்பத்தான் பூட்ட முடியுதுல்ல" என்று சொல்லி, அந்த முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.