நின்று நின்று நடப்பவர்

விளக்குக் கம்பத்தின் அடியை நாய் ஜிம்மி இன்னும் மோந்து முடிக்கவில்லை. கயிற்றின் மறுமுனையில், காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி காளியப்பன் நிற்கிறார். அக்ரஹாரத்துப் பால்காரர்களின் சைக்கிள்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போகின்றன.

"மோந்துக்க சாமீ, மோந்துக்க. ஆட்டோ எங்கயும் ஓடிப் போகாது."

மண்டி மொஹல்லா ஸ்டாண்டில் அவர் ஆட்டோவில் ஏறியவர்கள் இதை நம்பமாட்டார்கள். முன்னால் மாட்டுவண்டி போனால் ஹார்னிலிருந்து கையை எடுக்காதவர். கூடையோடு ஏறும் பெண்களை, "பேக ஏறும்மா, பேக" என்று சீக்கிரம் ஏறச் சொல்லி விரட்டுவார். கன்னட நாட்டில் உள்ள மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்துக்காரர். ஊர்த் தமிழில் கன்னடம் கலந்து அவர் திட்டுவதைத் தள்ளி நின்று கேட்டால் தமாஷாக இருக்கும்.

போன வருஷம் அவர் மனைவி மாதேவிக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். காளியப்பன் காலையில் கூட்டிக்கொண்டு கிளம்பினார். இழுத்துக்கொண்டு என்பதுதான் சரி. ஸ்டாண்டுக்கு நேரமாகிறதென்று கையைப் பிடித்து இழுத்ததில், ஒருநாள் மாதேவி நடுத்தெருவில் விழுந்தார். வீட்டுக்கு வந்ததும், "இனி நான் வர்ல. உங்க நாயக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிப் படுத்துவிட்டார். அப்புறம் வாசல் தாண்டவில்லை.

காளியப்பனும் வீம்புக்கு நாயையே கூட்டிக்கொண்டு போனார். ஜிம்மிக்கு வயதாகிவிட்டது, பின்னங்கால்கள் மடங்காது. கம்பத்துக்குக் கம்பம் அது நின்றதில் எரிச்சலாகி, கயிற்றை வெடுக்கென்று சுண்டினார். நாய் சரிந்து விழுந்தது.

"கடிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. கீழ கெடந்துக்கிட்டு என்னப் பாத்து வால ஆட்டுது. அவளும் அன்னைக்கு விழுந்தப்ப என்னப் பாத்து சிரிக்கத்தான் பாத்தா. வாய் கோணிக்கிச்சு." இதை அதே தெருவில் இருக்கும் என்னிடம் சொன்னபோது அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்துதான் இப்படி நிற்பது. சுலபமாக வந்துவிடவில்லை. கயிறு பிடித்த கை இப்போதும் மூடி மூடித் திறக்கும். "உள்ளுக்குள்ள கொதிக்குதுங்க. அப்ப அது மூக்கப் பாப்பேன். அதும்பாட்டுக்கு அது வேலையப் பாக்குது. சரி, நாம நிப்போம்னு நின்னுருவேன்." ஆட்டோவில் ஏறிவிட்டால் பழைய காளியப்பன்தான்.

அவர்கள் கிளம்புவதையும், அரைத் தெரு போய்த் திரும்பவே வெயில் ஏறிவிடுவதையும் மாதேவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் ஒரு காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"பாதில நான் நின்னுட்டேன்னா?"

"நிக்கலாம் புள்ள. இந்த ஜிம்மி நிக்காததா நீ நிக்கப்போற?"

இன்று மூவரும் என் வாசலைக் கடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் மாதேவியின் இடது செருப்பு கழன்றது. மரத்த கால், அவருக்குத் தெரியவில்லை. காளியப்பன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கிச் செருப்புக்குள் வைத்தார். மாதேவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவராகவே கையை எடுக்கும்வரை காளியப்பன் எழுந்திருக்கவில்லை.