அண்ணன் பக்கத்துக் கரண்ட்

எனக்கு முன்கோபம் அதிகம். போத்தனூருக்குத் தெற்கே இருந்த எங்கள் வீட்டைப் பாகம் பிரித்தபோது, அண்ணனோடு வந்த வாய்த் தகராறில், வீட்டுக்கு நடுவே ஒரு மண்சுவரை என் கையாலேயே எழுப்பினேன். முற்றத்தைப் பார்த்திருந்த என் பின்னறை ஜன்னலை அது அடைத்துக்கொண்டது என்பது சுவர் காய்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. இடிக்க மனம் வரவில்லை. இரண்டு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் எங்கள் பக்கம் வந்தது. அண்ணன் விளக்குப் போட்டுக்கொண்டார். நான் வீம்புக்கு வேண்டாம் என்றிருந்தேன். அப்போது என் மனைவிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. தாயில்லாதவள். அதனால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான், அதுவும் அந்தப் பின்னறையில்தான். பட்டப்பகலிலும் அங்கே லாந்தர் வேண்டும். அந்த இருட்டில் பிள்ளை பெறப் பயமாக இருக்கிறது என்று அவள் ஒருநாள் அழுதாள். புதுக் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டால் தை பிறந்துவிடும் என்றார்கள். அவளுக்கு மீதியிருந்தது மூன்று வாரம்.

கோயமுத்தூர் கோட்டைப் பக்கத்திலிருந்து வயர்மேன் பாய் ஒருவரை அழைத்து வந்தேன். அண்ணன் வீட்டு மெயினிலிருந்து ஒரு கிளை இழுத்தால் போதும் என்று என் யோசனையைச் சொன்னேன். எங்கள் பொதுக் கிணற்றில் நாலு நாள் அவர் முறை, நாலு நாள் என் முறை. கரண்டையும் அப்படியே முறை வைத்துக்கொள்கிறோம், நடுவில் ஒரு சுவிட்சு போட்டுவிடுங்கள் என்றேன்.

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, தண்ணி முறை கணக்கெல்லாம் இதுக்கு வேண்டாமுங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எரியும். ஆனா ஒரு ஊட்டுக்குக் குடுத்த கரண்ட்டை இன்னொரு ஊட்டுக்குக் குடுக்க ரூல் இல்லீங்க. ஒரே ஊடுன்னா இன்னொரு லைன் இழுக்கலாம். அதையும் இன்ஸ்பெக்டர் வந்து பாத்த பொறகுதானுங்க எரிய விடோணும்."

அண்ணனிடம் கேட்கும் வேலையும் பாய் தலையில்தான் விழுந்தது. வெளியே சுற்றிக்கொண்டு அந்த வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"இழுத்துக்கச் சொன்னாருங்க."

"வேற ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அம்மணிக்கு எந்த வாரம்னு கேட்டாருங்க."

பாய் வேலையில் கறார். மெயின் பியூஸைத் தாண்டித்தான் கிளை எடுத்தார். என் விளக்குக்குத் தனி பியூஸ் வைத்தார். கம்பிகளை வெறுமனே முறுக்கி விடாமல், ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றி, மரப்பெட்டிக்குள் மூடினார். ஒயர் சுவருக்கு மேலே ஏறி என் பக்கம் இறங்கியது.

மூன்றாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். அண்ணன் பக்கத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தார். வேலையில் அவருக்குக் குறை தெரியவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"இது ஒரு வீடா, ரெண்டு வீடா?"

ரெண்டு என்று அண்ணன் சொன்னால் அதில் பொய் கிடையாது. பாகப் பத்திரமே அப்படித்தான் சொல்கிறது.

"ஒண்ணுதானுங்க," என்றார் அண்ணன்.

"அப்புறம் எதுக்கு இந்தச் சுவர்?"

"அது எந்தம்பி கோவத்துல வெச்சதுங்க. அதையெல்லாம் ரூல்ல சேக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. உள்ளுக்குள்ளேயே போய்வர ஒரு வழி இருந்தால் ஒரே வீடு என்று எழுதிக்கொள்வதாகவும், புதன்கிழமை மறுபடி வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சைக்கிள் மறைவதற்குள் நான் கடப்பாரையை எடுத்துவிட்டேன். கட்டிய வேகத்திலேயே இடித்தேன். ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தபோது எதிரே அண்ணன் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து மேலே பார்த்தார்.

"மெல்ல, கண்ணு. மேல ஒயரு போகுது."

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான். கடப்பாரையைப் போட்டுவிட்டு, மண்குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

புதன்கிழமை விளக்கு எரிந்தது. இரண்டாவது வாரம் அதன் கீழே என் மகள் பிறந்தாள். அண்ணன் மனைவியை நான் நங்கை என்று கூப்பிடுவேன். இரண்டு நாளாக அவர்தான் அந்த வழியாக வந்து என் மனைவியின் பக்கத்திலேயே இருந்தார். குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தவர், என்னைத் தாண்டிப் போய், முதலில் அண்ணன் கையில் கொடுத்தார். எனக்குக் கோபமே வரவில்லை.