மணிக்கு ஜப்பான் மொழி

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வருவதற்குச் சில நாள் முன்பு, அப்பா காரோட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடினார். போகிற அவசரத்தில் நாயின் கயிற்றை அப்பா கையில் கொடுத்து, இரண்டு வாரத்தில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாராம். அப்படித்தான் தொங்கும் காதுகளோடு ஒரு பழுப்பு நாய், காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு ஒன்பது வயது.

அதன் பெயர் பிரின்ஸ். ஜப்பான்காரன் வந்த மறுநாளே அப்பா அதை மணி என்று மாற்றினார். நாய் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். 'சிட்' என்றால் உட்காரும். 'உட்காரு' என்றால் நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும். தெருவில் சைக்கிள் போனால் துரத்திக்கொண்டு ஓடும். 'கம்' என்று கத்தினால்தான் திரும்பும். இந்த வீட்டில் இங்கிலீஷில் கத்துகிறார்கள் என்று யாராவது ஜப்பான்காரனிடம் போய்ச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அம்மா நடுங்கினாள். ஊருக்கு வெளியே புக்கிட் கட்டில் பக்கம் கொண்டுபோய் நாயை விட்டுவிடலாம் என்றார் அப்பா. நான் சாப்பிடாமல் அழுதேன்.

எங்களோடு இருந்த சித்தப்பாதான் குறுக்கே வந்தார். கல்யாணம் ஆகாதவர், துறைமுகத்தில் பார்த்த வேலை போய் வீட்டில் இருந்தார்.

“பள்ளிக்கூடத்துல இவளுக்கு ஜப்பான் பாஷை சொல்லித் தர்றாங்கல்ல? இவ நாய்க்குச் சொல்லித் தரட்டும்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

'சுவாரே' என்றால் உட்கார். 'மாத்தே' என்றால் அங்கேயே இரு. 'கோய்' என்றால் வா. வகுப்பில் வாத்தியார் எங்களை அதட்டுகிற சொற்கள்தாம். அவித்த மரவள்ளித் துண்டை மணியின் மூக்குக்கு மேலே பிடித்து, மெல்ல அதன் தலைக்குப் பின்னால் கொண்டுபோவேன். தலை மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரையில் படியும். அந்த நொடியில் 'சுவாரே' என்று சொல்லித் துண்டைக் கொடுப்பேன். 'மாத்தே'தான் படாத பாடு படுத்தியது. நான் ஓரடி நகர்ந்தால் அதுவும் எழுந்துவிடும். சித்தப்பா கயிற்றைப் பிடித்துக்கொள்வார், நான் பின்னால் நடப்பேன். என் தட்டுக் கிழங்கு தீர்ந்ததும் அவர் தட்டிலிருந்து எடுத்தோம். ஒரு மாதத்தில் மணி இங்கிலீஷை மறந்ததோ இல்லையோ, ஜப்பானுக்குப் பணிந்தது.

ஒரு நாள் காலை, வாசலில் நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி நின்றது. ஜப்பான் அதிகாரி ஒருவர் இறங்கி வந்தார். உள்ளேயிருந்து அப்பாவும் ஓடி வந்தார், எல்லோரும் குனிந்து வணங்கினோம். அவர் நாயைப் பார்த்து “சுவாரே!” என்றார். உட்கார்ந்தது. “மாத்தே!” என்று சொல்லிப் பத்தடி பின்னால் போனார். அசையவில்லை. அவர் சிரித்து, என் தலையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு லாரிப் பக்கம் நடந்துகொண்டே, “கோய்” என்றார்.

மணி எழுந்து அவர் பின்னால் போய் லாரியில் ஏறியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்பாவைப் பார்த்தேன். லாரி போன பிறகும் அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

சில மாதம் கழித்து, சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று எங்கள் தெருவுக்கு உத்தரவு வந்தது. அப்பா போவதாக இருந்தது. சித்தப்பா அவருக்கு முன்னால் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். போனவர் திரும்பவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

“அந்த மூணு வார்த்தையையும் எனக்குச் சொல்லிக் குடும்மா. எது நிக்கிறது, எது வர்றது? மாத்திப் புரிஞ்சுக்கக் கூடாது.”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மனப்பாடம் ஆகும்வரை விடாமல் திருப்பித் திருப்பிச் சொன்னார். சயாமில் மணியைக் கண்டால் கூப்பிட்டு வருவதற்குத்தான் கற்றுக்கொள்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அது சில சமயம் கேட்காது, கையில் கொஞ்சம் கிழங்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சித்தப்பா சரி என்று தலையாட்டினார்.