ஆடிக்கு முன்னால் ஒரு பால் காய்ச்சுதல்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைவிட, அதன் அருகே தங்க இடம் கிடைத்ததுதான் என் வாழ்க்கையில் பெரிய கதை.

கிள்ளானில் ஒரு சிறிய கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தபோது மகள் பிறந்தாள். படிப்பு பாதியில் நின்றது. அவளுக்கு நான்கு வயதானபோது, கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் உள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் பாதியிலிருந்தே சேர்ந்து படிக்கலாம், பழைய பாடங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் புலம்பினேன். போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டும் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"போட்டுப் பாரு லா. இல்லன்னா இல்லன்னு சொல்லப் போறாங்க. அடிக்கவா போறாங்க?"

போட்டேன். நேரில் வரச் சொன்னார்கள். கொமுட்டர் ரயிலில் ஷா ஆலம் வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. சுபாங் ஜெயாவிலும் தோன்றியது. இறங்காததற்குத் தைரியம் காரணமில்லை. மடியில் இருந்த கோப்பு அவ்வளவு கனம், அதைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம், வார அட்டவணை, தேர்வுத் தாள் என எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன். எதையாவது கேட்டு நான் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான்.

அலுவலகத்தில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். இதையெல்லாம் நீயே சேர்த்து வைத்தாயா என்று கேட்டார். தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் சிரித்தார். இங்கே வருபவர்களில் பாதிப் பேர் மதிப்பெண் பட்டியலை மட்டும் கொண்டுவந்து நிற்கிறார்கள், உன்னுடையதைப் பார்ப்பது சுலபம் என்றார். வாழ்நாள் முழுக்க என்னைப் படுத்திய பயம் அன்று முதல் முறையாக எனக்கு உதவியது. புள்ளியியல் ஒன்றைத் தவிர எல்லாப் பாடங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். இடம் உறுதியானது. பதிவு நாளில் வராவிட்டால் மட்டும் அது கைவிட்டுப் போகும்.

மாணவர் விடுதிகள் அடுக்குமாடி வீடுகளைப் போல வரிசையாக நின்றன. ஆனால் பிள்ளையோடு தங்க முடியாது என்று முகப்பில் இருந்த பையன் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டான். கிள்ளானிலிருந்து தினமும் போய்வரவும் வழியில்லை. வகுப்பு எட்டு மணிக்கு. அத்தை, அதாவது என் மாமியார், மேருவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறார். மாமா லோரி ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே வீடு காலியாகிவிடும். எங்கள் பக்கத்துப் பாலர் பள்ளி திறப்பதற்காகக் காத்திருந்தால் முதல் வகுப்பு முடிந்துவிடும். பக்கத்தில் வீடு கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்துக்குச் சில ரயில் நிறுத்தங்கள் தள்ளி, பிரிக்பீல்ட்ஸில், பெரிய சாலைக்குப் பின்னால், ஒரு பழைய அடுக்குமாடியில் அறை ஒன்று இருந்தது. குளியலறையும் ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய சமையல் மேடையும் தனியாக இருந்தன. எதிரிலேயே ஏழு மணிக்குத் திறக்கும் பாலர் பள்ளி. ரயில் நிலையம் நடக்கும் தூரம். ஒரு காலத்தில் சேலைக்கடை வைத்திருந்த அம்மாள்தான் வீட்டுக்காரர், கீழ் வீட்டிலேயே இருந்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"ஆடி வருது மா. ஆடியில நான் சாவி குடுக்க மாட்டேன். அதுக்கு முன்ன வந்து பால் காய்ச்சிடு. அப்புறம் சாமான எப்ப வேணும்னாலும் கொண்டு வா."

"முடியலன்னா, ஆன்டி?"

"ஆவணி வரைக்கும் பொறுக்கணும். நடுவுல வேற யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது?"

பதிவு நாள் ஆடி முதல் வாரத்தில். ஒரு சட்டி பால்தானே என்று நிம்மதியாக வீடு திரும்பினேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் அதை நல்ல செய்தியாகவே சொன்னேன். அவர் கை நின்றது.

"பாலா? ரூம்னு தானே சொன்னே?"

"ரூம்தான் அத்தை."

"ரூமுக்கு யாரு பால் காய்ச்சுவா? பால் காய்ச்சினா குடித்தனம். மகன் தனிக்குடித்தனம் போயிட்டானான்னு கோயில்ல நாலு பேரு கேப்பாங்க. என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்க?"

அவர் என் படிப்புக்கு எதிரி இல்லை. பிள்ளை பிறந்த பிறகு என் புத்தகங்களைக் கரையான் அரிக்காமல் பெட்டியில் போட்டு வைத்ததே அவர்தான். அதனால்தான் அவர் சொன்னதைத் தட்டிவிட முடியவில்லை. பால் காய்ச்சினால் அத்தை மனம் நோகும், காய்ச்சாவிட்டால் சாவி இல்லை. வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று செய்தி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். ஒரு மருமகள் இவ்வளவு ஆசைப்படலாமா, மகளுக்காகவாவது பொறுத்திருக்க வேண்டாமா என்றெல்லாம் யோசனை ஓடியது. கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல நான் வரலை," என்றார். "எனக்கு கண்டெய்னரத் தூக்கி வைக்கத்தான் தெரியும். அம்மாவ நீயே தூக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு மண்டையில் சுற்றியது. மறுநாள் மாலை அத்தை தேநீர் ஆற்றும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தை, நான் பால் காய்ச்சப் போறதில்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் காய்ச்சணும். மாமியார் வந்து பால் காய்ச்சின வீட்ட யாரு பிரிஞ்ச வீடுன்னு சொல்லுவா? கேஎல்ல உங்களுக்கு இன்னொரு வீடு இருக்கு. நான் அங்க இருந்து படிக்கப் போறேன், அவ்வளவுதான்."

தேநீர் இரண்டு முறை மேலும் கீழும் போனது.

"அன்னைக்கு கேண்டீன் இருக்கே," என்றார். என் முகம் வாடியிருக்க வேண்டும். "லீவு சொல்லணும்ல, அதச் சொன்னேன்."

ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் எல்லோரும் காரில் போனோம். அத்தை தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பானையைத் துலக்கி, மஞ்சள் பூசி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, அறையில் இருந்த இண்டக்‌ஷன் அடுப்பில் பானையை வைத்தார். அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி வைத்தார். மறுபடி அணைந்தது.

"அடுப்பும் உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிதான் போல," என்றார் என்னிடம்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மேலே வந்தார். "இந்த அடுப்புல பித்தளை சூடாகாது மா. என்கிட்ட இதுக்குன்னே ஒரு சட்டி இருக்கு, தரவா?"

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அத்தை இடுப்பில் கை வைத்தார். "அடுத்தவங்க சட்டியில என் வீட்டுப் பால் பொங்காதுங்க."

என் வீட்டு என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன், சிரிப்பது தெரியாமல் இருக்க.

கட்டடத்தில் கேஸ் கூடாது என்று முதல் நாளே சட்டம் பேசியவர் வீட்டுக்காரர். அவரே இறங்கிப் போய், ஸ்டீம்போட் என்று மேசையிலேயே சூப்பைக் கொதிக்கவைத்துச் சாப்பிடும்போது வைக்கும் சின்னக் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னைக்கு மட்டும்தான்," என்றார் கண்டிப்பாக. அத்தை பானையை ஏற்றினார். எல்லோரும் அந்த ஒரு ஆள் சமையல் மேடையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். பால் சுற்றிலும் நுரை கட்டி, மேலேறி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. மகள் கைதட்டினாள். மாமா அவளைத் தூக்கிக் காட்டினார். சர்க்கரை போட்டு எல்லோருக்கும் கொடுத்தார் அத்தை, முதல் தம்ளர் வீட்டுக்காரருக்கு.

சாவியை வீட்டுக்காரர் அத்தையிடம்தான் நீட்டினார். அத்தை கதவைப் பூட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார், பிறகு என் கையில் வைத்தார். "பூட்டு இறுக்கமா இருக்கு. தேங்காய் எண்ணெய் விடு."

பதிவு நாளில் அட்டை தந்தார்கள். படத்தில் நான் திருதிருவென்று விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அட்டை என்னுடையது. முதல் வகுப்புக்கு நான் போனபோது மண்டபமே திறக்கவில்லை. திறந்ததும் முன் வரிசையில் உட்கார்ந்தேன். என் பின்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்து நிரம்பினார்கள். இரண்டாம் முறை படித்த புள்ளியியலில், அந்தப் பருவத்துத் தேர்வில், வகுப்பில் முதலாவதாக வந்தேன். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கணவர் ஷிப்ட் இல்லாத நாள்களில் வருவார். கேண்டீனுக்கு விடுமுறை என்றால் அத்தையும் வந்துவிடுவார். ஒருநாள் நூலகத்திலிருந்து திரும்பிக் கதவருகே நின்றபோது, உள்ளே அவர் யாரோடோ தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"நான் கிள்ளான்ல இல்ல. கேஎல் வீட்டுல இருக்கேன். ஆமா, நம்ம வீடுதான். மருமகளா? அவ யூனிவர்சிட்டிக்குப் போயிருக்கா லா. வர்ற நேரம்தான்."

எண்ணெய் விட்ட பூட்டு சத்தமில்லாமல் திறந்தது.