ஊசி இல்லாத பிரிஸ்கிரிப்ஷன்

போகியன்று காலை எங்கள் சேலையூர் முழுக்க டயர் புகை. மற்றவர்களுக்கு ரெண்டு தும்மலோடு போச்சு. எனக்கு? முப்பது வருஷம் ஊதித் தள்ளிய சிகரெட்டின் உபயத்தில் நாள்பட்ட நுரையீரல் நோய். சட்டை பட்டன் போடுவதற்குள் மூச்சிரைத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி கமலா தாம்பரத்து லேடி டாக்டரிடம் இழுத்துப் போனாள். நெபுலைசர் வைத்தார். ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அவ்வளவுதான்!

"ஊசி...?" என்றேன் ஏக்கமாக.

"உங்களால முழுங்க முடியுது இல்ல சார்? மாத்திரையே போதும். ஆனா அஞ்சு நாளும் விடாம போடணும்."

எனக்கு மனசே ஆறவில்லை. ஊசி போடாதவர் எல்லாம் ஒரு டாக்டரா? இடுப்பில் ஒரு குத்து விழுந்தால்தானே நமக்கு வைத்தியம் பார்த்த திருப்தி?

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் எரியும் தீயில் எண்ணெய் ஊற்றினார். "இன்னா சார், ஊசி போடலியா? எங்க மாமாவுக்கு மூணு ஊசி போட்டாங்கோ. மறுநாளே பரோட்டா துன்னாரு!"

லிஃப்ட் வாசலில் மேல்வீட்டு வரதராஜன் சார் — ரிடையர்டு ஹெட்மாஸ்டர், எங்கள் அபார்ட்மென்ட்டின் மெடிக்கல் போர்டு — சீட்டை வாங்கிப் படித்தார்.

"ஐயையோ, ஸ்டீராய்டா! மூஞ்சி வீங்கும் சார். எலும்பு மாவாப் போயிடும். எனக்கும் உங்க வியாதிதான். அந்தச் சனியனைத் தொட்டதே இல்ல. வெறும் இன்ஹேலர் பஃப்தான்!"

ரெண்டு நாள் போட்டேன். மூச்சு லேசானது. மூன்றாம் நாள் என் அபார மூளையைக் கேட்டு நிறுத்திவிட்டேன். கமலா கேட்டபோது, "போட்டாச்சு, போட்டாச்சு" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

ஐந்தாம் நாள், தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி... வாய் திறந்திருக்கிறது, காற்று உள்ளே போகமாட்டேன் என்கிறது. கம்பியைப் பிடித்தபடி நின்றேன். செத்தோம் என்றே நினைத்தேன். பக்கத்தில் கமலா அழுதுகொண்டே ஆளைக் கூப்பிட்டாள்.

மறுபடி அதே டாக்டர். ஆக்ஸிஜன் வைத்து, ஆள் நிதானத்துக்கு வந்ததும், என் சட்டைப் பையிலிருந்த மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்தார்.

"ஊசியா மாத்திரையான்னு ஊரே பட்டிமன்றம் நடத்துறீங்க. எதுவா இருந்தாலும் உடம்புக்குள்ள போனாத்தான் சார் வேலை செய்யும்!"

திரும்பவும் மாத்திரைதான். இந்த முறை நான் விழுங்கிய பிறகு கமலா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

போன வாரம் பார்க்கில் வரதராஜன் சார், ஷூ லேஸ் கட்டிக்கொள்ள, தன் பஃப்பை என் கையில் கொடுத்தார். கண்ணாடி போட்டு லேபிளைப் படித்தேன். அட! உள்ளே இருப்பதில் ஒன்று ஸ்டீராய்டு. மனுஷர் வருஷக்கணக்காக ரெண்டு வேளையும் இழுத்துக்கொண்டிருப்பது அதைத்தான்!

நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். சொன்னால் நாளைக்கே நிறுத்திவிடுவார். அப்புறம் எங்களுக்கெல்லாம் அட்வைஸ் பண்ண அவருக்கு மூச்சு வேண்டாமா?