தம்மாமுக்குப் போன ரஹ்மத்

தொண்ணூற்று நாலில் வடக்கே அலைந்து திரிந்துவிட்டு ஊருக்கு வந்த என்னிடம் நல்ல கேமரா இருப்பதைக் கேள்விப்பட்டு, நஃபீஸத் என்னைத் தேடி வந்தாள். மேலப்பாளையத்துப் பெண். பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். நம் கண்கள் இரண்டும் ஒரே காட்சியைச் சற்று விலகி விலகிப் பார்ப்பதால்தான் நமக்கு ஆழம் தெரிகிறது என்றாள். அதையே படத்தில் கொண்டுவரலாமாம். இடது காலில் சாய்ந்து ஒரு படம், அப்படியே வலது காலுக்குச் சாய்ந்து இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பெட்டிக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி ஆழம் தெரியுமாம். சேலை வந்த அட்டைப்பெட்டியில் இரண்டு பூதக்கண்ணாடிகளைப் பொருத்தி அந்தப் பெட்டியை அவளே செய்திருந்தாள்.

முதலில் ஆற்றங்கரையில், குறுக்குத்துறையில் எடுத்தோம். பெட்டிக்குள் பார்த்தபோது கல்மண்டபம் கை நீட்டினால் தொடலாம் போல நின்றது. அதற்குப் பின்னால் மருத மரங்கள், அவற்றுக்கும் பின்னால் வெறும் வெளிச்சம். தண்ணீர் மட்டும் தண்ணீராக இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு நகர்ந்து போயிருந்தது. புகை போல ஏதோ மினுங்கியது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் ஒரு கண்ணுக்கு இருந்தார், மறு கண்ணுக்கு முங்கியிருந்தார். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவளுக்கு வேண்டியது ஆறு அல்ல, குழந்தை. அவளுடைய அக்கா செய்யதலி பாத்திமாவின் மகள் ரஹ்மத் பிறக்கும் முன்பே மைதீன் மச்சான் வேலைக்காக அரபு நாட்டுக்கு, தம்மாமுக்குப் போய்விட்டார். வீட்டிலிருந்து போன படங்களைப் பார்த்துவிட்டு கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார்: "காயிதத்துல தட்டையா இருக்கா புள்ள. தூக்குனா எப்படி இருப்பான்னு தெரியல." அங்கிருந்து ஊருக்கு வந்திருந்த ஹசன் அலி காக்கா வெள்ளிக்கிழமை தம்மாமுக்குத் திரும்புகிறார். அதற்குள் படம் தயாராக வேண்டும்.

தவழ்கிற குழந்தை எங்கே அசையாமல் இருக்கும்? முதல் ஜோடியில் முற்றம் ஆழமாக விரிந்தது, கொடியில் கிடந்த துணிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. ரஹ்மத் மட்டும் மூடுபனியாக, இரண்டு முகத்தோடு மிதந்தாள். உறங்கும்போது எடுத்துவிடலாம் என்று தொட்டில் பக்கம் போனவளை அக்கா தடுத்துவிட்டாள்.

"ஏட்டி, உறங்குத புள்ளையப் படம் புடிக்காத. உசுரு போயி மவுத்தானவங்கள எடுத்த மாதிரி இருக்கும். அவரு அங்கன தனியா ஒக்காந்து அதையா பாக்கணும்?"

நஃபீஸத் கேமராவை மூடினாள்.

மறுநாள் பல் முளைக்கிற வேதனையில் ரஹ்மத் ஓயாமல் அழுதாள். வேறு எதற்கும் அடங்காதவளுக்கு அக்கா அந்தப் பெட்டியைக் கண்ணில் வைத்துக் காட்டினாள். உள்ளே குறுக்குத்துறை இருந்தது. அழுகை பாதியில் நின்றது. சற்று நேரம் கழித்துப் பைய பெட்டியை விலக்கியபோதும் குழந்தை அசையவில்லை. வாய் திறந்தபடி, எதிரே இருந்த வெறும் சுவரில் அந்த ஆற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். நஃபீஸத் இடது காலில் சாய்ந்து ஒன்று எடுத்தாள். வலது காலுக்கு மாறி இன்னொன்று. அதற்குப் பிறகுதான் ரஹ்மத் திரும்பி, பெட்டி வேண்டும் என்று வீறிட்டாள்.

ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தன. ஜும்மா தொழுகை முடிந்து ஹசன் அலி வாசலில் வந்து நிற்க, நஃபீஸத் அவசரமாக ஒட்டி முடித்துப் பெட்டியை அக்காவிடம் நீட்டினாள். அக்கா பார்த்தாள். அவள் முகம் பெட்டிக்குள் மறைந்திருந்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. முந்தானை நுனியைப் பிடித்த அவள் கை மட்டும் மெல்ல உயர்ந்து, குழந்தையின் வாயோரம் வடிந்த எச்சிலைத் துடைக்கப் போய், அட்டையில் முட்டி நின்றது.

வெளியே கார் ஹார்ன் அடித்தது. அவள் பெட்டியைத் துண்டில் சுற்றி ஹசன் அலியின் கையில் கொடுத்தாள்.

"நல்ல வெளிச்சத்துல பாக்கச் சொல்லுங்க, காக்கா. அவருக்குப் பொறுமை கெடயாது, வச்ச ஒடனே எடுத்துருவாரு. கொஞ்ச நேரம் கண்ணுலயே வச்சிருக்கச் சொல்லுங்க. அப்பத்தான் புள்ள வருவா."